ஜகார்த்தாவின் தாமான் மினி: ஒரே நாளில் இந்தோனேசிய வீடுகளைப் பார்த்து வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஜகார்த்தாவில் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது, மோனாஸ் கோபுரமும் மால்களும் பார்த்தாயிற்று, பாலிக்கு விமானம் நாளைக்குத்தான் என்றால் யோசிக்காமல் தாமான் மினி இந்தோனேசியா இந்தாவுக்குப் போங்கள். நகரத்தின் கிழக்குப் பக்கம், சுமார் 150 ஹெக்டேர் நிலத்தில், சுமத்ராவிலிருந்து பப்புவா வரைக்கும் மாகாணத்துக்கு ஒரு வளாகம் என்று ஒதுக்கி, அந்தந்த ஊர் வீட்டை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஏரி, அந்த ஏரிக்குள் நாட்டின் வரைபடமே குட்டிக் குட்டித் தீவுகளாகக் கிடக்கும். எல்லாமே முழங்கால் உயரப் பொம்மைகளாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். போரோபுதூர் பௌத்தத் தூபி, பிரம்பானான் இந்துக் கோயில் போன்ற சின்னங்கள்தான் சிறிய அளவில் இருக்கின்றன. வீடுகள் பெரியவை, படியேறி உள்ளே போய் உட்காரலாம்.

மொத்தம் 30க்கு மேற்பட்ட வளாகங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட் வாங்கியாயிற்று, எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பி, மதியம் ஒரு மணிக்கெல்லாம் வியர்த்து விறுவிறுத்து, எந்தக் கூரை எந்த ஊர் என்றே தெரியாமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் சொல்வது இதுதான்: ஆறு வீடு போதும். ஆனால் அந்த ஆறையும் நின்று பாருங்கள், தரையின் அடியில் குனிந்து பாருங்கள், தூண் எதன் மேல் நிற்கிறது, படி எங்கே முடிகிறது, கூரையை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மீதியை ஏரிக்கு மேலே கம்பிவடத்தில் ஓடும் தொங்கு வண்டியில் போகும்போது பார்த்தால் போதும்.

போவதற்கு முன் கொஞ்சம் கதை

இந்த இடத்தின் யோசனை அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் மனைவி தியென் சுகார்த்தோவுடையது. 1970ல் பேச்சு ஆரம்பித்து, 1972ல் வேலை தொடங்கி, 1975 ஏப்ரல் 20 அன்று திறந்தார்கள். சும்மா நடந்துவிடவில்லை. நாடு ஏழ்மையில் இருக்கும்போது இவ்வளவு பணத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா எதற்கு என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நிலத்திலிருந்து கிளப்பப்பட்டவர்களின் பிரச்சினை வேறு, 1972 ஜனவரியில் சுகார்த்தோ பொதுமேடையிலேயே கோபப்பட்டு எதிர்ப்பாளர்களை எச்சரித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பத்தோடு தொடர்புடைய அறக்கட்டளைதான் இதை நடத்தியது. 2021ல்தான் அரசு முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, பழுது பார்த்து, புதுப்பித்து, 2023 செப்டம்பரில் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ கையால் மறுபடியும் திறந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாகாணத்துக்கு ஒரு வீடு என்ற ஏற்பாடே ஓர் அரசியல் ஏற்பாடு. ஒரே மாகாணத்துக்குள் பத்து இனம், பத்து மொழி, பத்து விதமான வீடு இருக்கும். இங்கே அதில் ஒன்றோ இரண்டோ மட்டும் அரியணையில் ஏறியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இடம் இன்னும் சுவாரசியமாகத்தான் ஆகிறது. கிழக்குத் தைமூர் வளாகத்தைப் பாருங்கள். 1976ல் இந்தோனேசியா அந்த நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது 27வது மாகாணத்துக்கென்று கட்டியது. 1999ல் வாக்கெடுப்பு நடந்து, 2002ல் அது தனி நாடாகிவிட்டது. கட்டடம் மட்டும் அருங்காட்சியகம் என்ற பெயரில் இங்கேயே தங்கிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நேரம் இருந்தால் நீங்கள் பாருங்கள்.

எந்த நாள், எத்தனை மணி

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், இந்தோனேசியாவில் பொதுவாகவே அருங்காட்சியகங்களுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. ரமலான் முடிந்து வரும் லெபரான் விடுமுறை வாரத்திலும் போகாதீர்கள், ஊரே அங்கே இருக்கும். ஜூன் முதல் ஜூலை நடு வரை பள்ளி விடுமுறைக் கூட்டம்.

மீதி நாட்களில் எது நல்லது? அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய் முதல் வியாழன். ஆனால் என் ஓட்டு ஞாயிறு காலைக்குத்தான். காரணம், பல வளாகங்களில் அந்தந்த மாகாணத்து நடனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், வார இறுதியில் பயிற்சியும் நிகழ்ச்சியும் நடக்கும். வீட்டுக்கு முன்னால் ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளைகள் டி-ஷர்ட்டுக்கு மேல் சீலையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, டீச்சர் எண்ணுகிற கணக்குக்குக் கையை வளைத்துக்கொண்டிருப்பார்கள், ஓரத்தில் அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். காலி வீட்டைப் பார்ப்பதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். நகரத்தில் பல தலைமுறையாக வாழும் சுமத்ராக்காரர்களும் சுலாவெசிக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை இங்கே கூட்டி வருகிறார்கள் என்பதுதான் இந்தப் பூங்காவுக்கு உயிர்.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மதியத்துக்கு மேல் மழை கொட்டும், ஜனவரி பிப்ரவரியில் இன்னும் அதிகம். எந்த மாதமானாலும் காலை 9 மணிக்கு உள்ளே இருப்பது மாதிரி கிளம்புங்கள். மாலை 4 மணி நெருங்கினால் வீடுகளை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்படிப் போவது

2023 ஆகஸ்டில் எல்.ஆர்.டி. என்ற இலகு நகர ரயில் வந்த பிறகு இது பெரிய வேலையே இல்லை. நகர மையத்தில் இருக்கிற டூக்கு ஆத்தாஸ் நிலையத்தில் சிபுபூர் வழித்தட ரயிலில் ஏறினால் செத்தியாபூடி, குனிங்கான், சாவாங் எல்லாம் தாண்டி நேராகத் தாமான் மினி நிலையத்தில் இறங்கலாம். சாவாங்கில் தடம் பிரிகிறது, பெக்காசி ரயிலில் தெரியாமல் ஏறிவிட்டால் சாவாங்கிலேயே இறங்கி மாறிக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுண்டரில் காசு நீட்ட முடியாது. மின்பணக் கார்டு வேண்டும், இந்தோமாரெட், ஆல்ஃபாமார்ட் கடை எதிலும் கிடைக்கும், அதிலேயே பணமும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு கார்டு வாங்கிவிட்டால் டிரான்ஸ்ஜகார்த்தா பேருந்துக்கும் அதுவே போதும்.

நிலையத்திலிருந்து பூங்கா வாசலுக்கு நடக்கவும் முடியும், ஆனால் உள்ளே நாள் முழுக்க நடக்கப் போகிறீர்கள், காலை அங்கேயே தேய்க்க வேண்டாம். கோஜெக் அல்லது கிராப் செயலியில் வண்டி போட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் வர நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விமான நிலையம் நகரத்தின் மேற்கே, பூங்கா தென்கிழக்கே, நடுவில் ஜகார்த்தா டிராஃபிக் முழுவதும். விமான நிலைய ரயிலில் டூக்கு ஆத்தாஸ் பக்கம் வந்து அங்கிருந்து எல்.ஆர்.டி. பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். தங்கும் அறையையும் குனிங்கான், செத்தியாபூடி பக்கம் போட்டுவிட்டால் இன்னும் சுலபம்.

வாசலில்

நுழைவுக் கட்டணம் புதுப்பித்துத் திறந்தபோது ஆளுக்கு 25,000 ரூபியா என்று வைத்தார்கள், இந்தியப் பணத்தில் நூற்று முப்பத்தைந்து ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை விலை பார்த்துக்கொள்ளுங்கள். இது வெறும் வாசல் காசு என்பதை நினைவில் வையுங்கள். தொங்கு வண்டி, பறவைப் பூங்கா, சில அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி டிக்கெட் உண்டு. மாகாண வீடுகளுக்குள் போக வாசல் டிக்கெட்டே போதும், அதனால்தான் இது விலைக்கு மேல் கிடைக்கிற இடம்.

முன்பெல்லாம் குடும்பத்தோடு காரை உள்ளேயே ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்துவார்கள். புதுப்பித்த பிறகு அது கிடையாது, வண்டியை வெளியே நிறுத்திவிட வேண்டும், உள்ளே மின்சாரப் பேருந்து சுற்றி வருகிறது, வாடகைக்கு சைக்கிளும் கிடைக்கும். நடையாக மட்டும் சுற்ற நினைக்காதீர்கள். ஏரியைச் சுற்றி ஒரு பாதி தூரம் பேருந்து, இறங்கி மூன்று வீடு, மறுபடி பேருந்து என்று போவதுதான் உடம்புக்கு நல்லது.

முதல் வேலை: மேலே ஏறுங்கள்

எல்லாரும் கடைசியில் ஏறுகிற தொங்கு வண்டியில் நீங்கள் முதலில் ஏறிவிடுங்கள். காலையில் வரிசையும் இருக்காது. ஏரிக்கு மேலே போகும்போது கீழே சுமத்ரா, ஜாவா, காலிமந்தான், எட்டுக்கால் பூச்சி மாதிரி கை கால் விரித்துக் கிடக்கும் சுலாவெசி எல்லாம் தெளிவாகத் தெரியும். இதில் வேடிக்கை மட்டுமல்ல, பயனும் இருக்கிறது. வளாகங்களையும் ஏரியைச் சுற்றி அதே கணக்கில் பகுதி பகுதியாகத்தான் வைத்திருக்கிறார்கள்: ஜாவா, சுமத்ரா, காலிமந்தான், சுலாவெசி, பாலியும் நுசா தெங்காராவும் சேர்ந்து ஒன்று, மாலுக்குவும் பப்புவாவும் சேர்ந்து ஒன்று. மேலிருந்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டால் அப்புறம் கையில் மேப் தேவைப்படாது.

இனி அந்த ஆறு வீடுகள்

எந்த வீட்டுக்குள் போவதாக இருந்தாலும் செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, காவலுக்கு இருப்பவரிடம் 'போலே மாசுக், பாக்?' (உள்ளே வரலாமா ஐயா?) என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்ணாக இருந்தால் 'பாக்'குக்குப் பதில் 'இபு'. பூட்டியிருக்கிற அறையைக்கூடச் சிலர் திறந்து காட்டுவார்கள்.

ஆச்சேயிலிருந்து ஆரம்பிக்கலாம். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய மர வீடு. தூண்களின் அடியைப் பாருங்கள், மண்ணில் புதைக்கவில்லை, கல் மேல் சும்மா நிறுத்தியிருக்கிறார்கள். நிலநடுக்கப் பூமி என்பதால் தரை ஆடும்போது வீடும் கூடவே ஆடிவிட்டு நிற்கட்டும் என்ற ஏற்பாடு இது. மரங்களை ஆணி இல்லாமல் முளையும் ஆப்பும் வைத்தே கோத்திருக்கிறார்கள். கதவு தாழ்வாக இருக்கும், உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது கூரையைக் கட்டிய கயிறு. தீப்பிடித்தால் மூலையில் இருக்கிற அந்தக் கயிற்றை வெட்டிவிட்டால் ஓலைக்கூரை மொத்தமும் சரிந்து கீழே விழுந்துவிடும், வீடு பிழைத்துக்கொள்ளும். அதே வளாகத்தில் ஒரு டக்கோட்டா விமானம் நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1948ல் புதிய குடியரசுக்கு விமானம் வாங்க ஆச்சே மக்கள் பணமும் நகையும் திரட்டிக் கொடுத்தார்கள், அந்த 'செயுலாவா' விமானத்தின் நினைவாகத்தான் அது நிற்கிறது.

அடுத்தது வடக்கு சுமத்ரா. தமிழர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டிய வளாகம். இங்கே ஒரே வீடல்ல, தோபா பாத்தாக், காரோ, சிமாலுங்குன், நியாஸ் என்று பல இனங்களின் வீடுகள் இருக்கின்றன. காரோ வீட்டில் உள்ளே தடுப்புச் சுவரே கிடையாது. எட்டுக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே, இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. வெளிச்சுவரில் பல்லி மாதிரி ஒரு கோலம் ஓடும், பக்கத்தில் போய்ப் பாருங்கள், அது வரைந்தது அல்ல. பனை நாரில் திரித்த கறுப்புக் கயிறால் பலகைகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அந்தத் தையல்தான் பல்லியாக ஓடுகிறது. இந்தக் காரோ மக்களில் செம்பிரிங் என்ற பெருங்குலத்தின் கிளைகளுக்கு சோலியா, பாண்டியா, மெலியாலா என்றெல்லாம் பெயர். தென்னிந்தியாவோடு இதற்குள்ள தொடர்பைப் பற்றி ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் பேசி வருகிறார்கள். இதே மாகாணத்தின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பேர் போன பாருஸ் பக்கம், லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டி வைத்தது. தலைநகர் மேடானில் 1884ல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றைக்கும் நடக்கிறது. வளாகத்துப் பலகைகளில் இதையெல்லாம் தேடாதீர்கள், நீங்களே தெரிந்துகொண்டு போனால்தான் உண்டு.

மூன்றாவது, மேற்கு சுமத்ராவின் ருமா காடாங். எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் ஏறி நிற்கிற கூரை, எல்லா விளம்பரத்திலும் வருவது. கூரையை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், நீங்கள் அறைகளைப் பாருங்கள். மினாங்கபாவ் மக்களிடம் வீடும் நிலமும் அம்மா வழியில்தான் இறங்கும், பின்பக்கம் வரிசையாக இருக்கிற சிறு அறைகள் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு. மணமாகாத இளைஞனுக்கு அம்மா வீட்டில் படுக்க இடம் கிடையாது, ஊர்த் தொழுகைக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இவ்வளவுக்கும் இவர்கள் தீவிரமான முஸ்லிம்கள். இன்னொன்று: தரையின் இரண்டு கோடிகளும் மேடை மாதிரி உயர்ந்திருக்கிறதா, இல்லை ஒரே மட்டமா என்று கவனியுங்கள். உயர்ந்திருந்தால் பதவிக்கேற்ற இருக்கை என்ற மரபைச் சேர்ந்த வீடு, மட்டமாக இருந்தால் எல்லாரும் சமம் என்ற மரபு. முன்னால் கால் முளைத்த மாதிரி நிற்கிற குட்டிக் கட்டடங்கள் நெற்களஞ்சியங்கள்.

ஜாவா பக்கம் வந்தால் மத்திய ஜாவா வளாகம். சுவரே இல்லாத பெரிய பெண்டோப்போ மண்டபத்தின் நடுவில் நாலு தூண், அதற்கு மேலே உத்தரங்களை அடுக்கடுக்காக ஏற்றியிருப்பார்கள். நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. போரோபுதூரின் சிறிய மாதிரி இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. உண்மையான போரோபுதூருக்குப் போகப் போகிறவர்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஐந்தாவது தெற்கு சுலாவெசி, மத்தியானத்துக்கு முன் இங்கே வந்துவிடப் பாருங்கள். தோராஜா மக்களின் தொங்கோனான் வீடு, படகு போல வளைந்த கூரையோடு நிற்கும், எதிரே நெற்களஞ்சியம். வீட்டின் முன் தூணில் எருமைக் கொம்புகளைக் கீழிருந்து மேலாக ஏணி மாதிரி அடித்திருப்பார்கள். அலங்காரம் என்று கடந்து போய்விடாதீர்கள். தோராஜாவில் ஈமச்சடங்குதான் வாழ்க்கையிலேயே பெரிய செலவு, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் பணம் சேர்த்த பிறகே நடத்துவார்கள். வெட்டிய எருமைகளின் கொம்பு வீட்டு முகப்பில் ஏறும், எத்தனை கொம்பு என்பதுதான் குடும்பத்தின் அந்தஸ்து. இப்படிப்பட்ட வீட்டை விற்கவும் முடியாது, அது வம்சத்துக்கே சொந்தம். அதே வளாகத்தில் புகிஸ் மக்களின் வீடு இருக்கும், கூரை முகப்பின் முக்கோணத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள், அடுக்கு கூடினால் குலம் உயர்ந்தது.

ஆறாவது பப்புவா. மலைப்பகுதி டானி மக்களின் ஹோனாய் குடிசை வட்டமாக, தாழ்வாக, ஜன்னலே இல்லாமல், ஒற்றை வாசலோடு இருக்கும். ஜகார்த்தா வெக்கையில் நின்று பார்க்கும்போது இதற்குள் மனிதர் எப்படி இருப்பார் என்று தோன்றும், ஆனால் அவர்கள் ஊர் பாலியெம் பள்ளத்தாக்கு உயரமான இடம், இரவில் குளிர் நடுக்கும், நடுவில் நெருப்பு மூட்டிக்கொண்டு படுப்பார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, பன்றிக்கும் தனிக் குடிசை உண்டு.

காலிமந்தானின் நீள வீடுகளும் பாலி வளாகமும் ஏன் இதில் இல்லை என்று கேட்பீர்கள். பாலிக்கு எப்படியும் போகப் போகிறீர்கள். டயாக் மக்களின் நீள வீடு அருமையானது, கால் ஒத்துழைத்தால் ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

உள்ளே சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை: சோத்தோ சூப், பாக்சோ இறைச்சி உருண்டை, நாசி கோரெங் என்ற வறுத்த சோறு, எல்லாம் உண்டு. ஜகார்த்தா வளாகத்துப் பக்கம் கெராக் தெலோர் சுடுகிறவர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒட்டும் பசையரிசியும் முட்டையும் சேர்த்துத் தட்டி, சட்டியையே தலைகீழாகக் கவிழ்த்து நெருப்பில் காட்டுவார், மேலே வறுத்த தேங்காய் தூவித் தருவார். அதில் உலர்ந்த இறால் இருக்கும், சைவர்கள் கவனம். சைவர்களுக்கு இந்த ஊரில் பெரிய சிக்கலே அதுதான்: காய்கறி என்று வாங்குகிற காடோ-காடோவின் வேர்க்கடலைக் குழம்பிலும் இறால் விழுது கலந்திருக்கலாம். 'தான்பா தெராசி' (இறால் விழுது இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள், அரைத்து வைத்துவிட்டார்கள் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பொரித்த தெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சோறும் பாதுகாப்பு. கண்டிப்பான சைவம் என்றால் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவதே மேல்.

மதியத்துக்கு மேல்

வெயில் உச்சியில் இருக்கும்போது கூரைக்குள் இருங்கள். வாசலுக்குப் பக்கத்தில் பாலிக் கட்டடக் கலையில் எழுந்த மியூசியம் இந்தோனேசியா 1980ல் திறந்தது, உடைகளும் திருமணக் காட்சிகளும் நன்றாக இருக்கும், முக்கால் மணி நேரம் போதும். பிள்ளைகள் கூட வந்தால் பறவைப் பூங்காவும், கொமோடோ உடும்பு வடிவத்திலேயே கட்டிய அருங்காட்சியகமும் அவர்களுக்கு. தங்க நத்தை வடிவில் நிற்கிற கெயோங் எமாஸ் திரையரங்கு 1984லிருந்து இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வழிபாட்டு இடங்களை விட்டுவிடாதீர்கள். பள்ளிவாசல், கத்தோலிக்க தேவாலயம், சீர்திருத்த தேவாலயம், பாலி இந்துக்களின் பூரா, புத்த விகாரை, கன்பூசியக் கோயில் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காட்சிப் பொருள்கள் அல்ல, நிஜமாகவே கும்பிடுகிற இடங்கள். பூராவுக்குள் போக வேண்டுமென்றால் இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்ட வேண்டும், உள் பிராகாரத்துக்கு அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். நம்மூர்க் கோயில் போலக் கருவறை எங்கே என்று தேடினால் ஏமாறுவீர்கள், திறந்தவெளியும் உயர்ந்த பீடங்களும்தான்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று. வீடுகள் பெரும்பாலும் உயரத்தில் இருக்கின்றன, படி செங்குத்து, சில இடங்களில் வெறும் ஏணி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மத்திய ஜாவாவின் பெண்டோப்போவும் அருங்காட்சியகமும் பொருத்தம், மற்ற வீடுகளைக் கீழே நின்று பார்க்கலாம், நான் மேலே சொன்னதில் பாதி கீழே நின்றால்தான் தெரியும்.

வார இறுதி என்றால் இருட்டிய பிறகு ஏரியில் நீரூற்று நடன நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்று காலையில் உள்ளே நுழையும்போதே வாசலில் கேட்டுவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வாசலில் நின்று வண்டி தேடும், அதனால் கடைசிப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுத்து முன்னாலேயே கிளம்பி எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் போய்விடுங்கள். கார்டில் பணம் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.